கொரோலா 110-க்கு வீட்டு முற்றத்தில் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும்

எங்கள் கொரோலா 110 அப்பா வாங்கியது. ஜப்பானில் ஓடி முடித்து யாழ்ப்பாணத்துக்கு வந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தடை தளர்ந்தது, ஆனால் விலையைக் கேட்டதும் திரும்பி வந்து இதையே துடைத்து வைத்தேன். அந்தத் துடைப்பில்தான், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்புக்குக் கீழே வெள்ளையும் பழுப்புமாய்க் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு கோடு கண்ணில் பட்டது. பம்பின் அச்சுக்குக் கீழே ஒரு சின்னக் கசிவுத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாக எட்டிப் பார்க்கும். துளைக்குக் கீழே கோடு விழுந்துவிட்டால் பம்பின் காலம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பம்பை மாற்றுவதென்றால் டைமிங் பெல்ட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கீழே பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் அச்சையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் அச்சையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல்வைத்த பெல்ட் அது. இந்தக் காரின் 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட் இல்லை, ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளிப் பெல்ட்தான். ஆனாலும் பம்பைக் கழற்றப் போகும் வழியும் டைமிங் பெல்ட்டுக்குப் போகும் வழியும் பெரும்பாலும் ஒன்றே. எஞ்சினைத் தாங்கும் அதே மவுன்ட், அதே மூடிகள், அதே முழங்கைச் சிராய்ப்பு. ஒன்றுக்காகத் திறந்துவிட்டு மற்றதைப் பழையதாகவே விட்டு மூடினால், ஆறு மாதத்தில் அதே இடத்தைத் திரும்பத் திறக்க நேரும்.

பெல்ட்டுக்கு 100,000 கிலோமீட்டர் கணக்கு. ஆனால் இறக்குமதியான பழைய காரில் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பொனட்டைத் திறந்து நன்றாகத் தேடுங்கள். ஜப்பானில் பெல்ட் மாற்றியிருந்தால், எந்தத் திகதியில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எங்களுடையதில் அது இருந்தது, எழுத்து வெளிறிப் போயிருந்தாலும் இலக்கம் தெரிந்தது. ஸ்டிக்கரும் இல்லை, பழைய உரிமையாளருக்கும் தெரியாது என்றால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.

ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டும். 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் கார் நடுவழியில் நிற்கும், ஆனால் பிஸ்டன் வால்வில் மோதாது. எல்லா எஞ்சினும் இப்படி இல்லை. பெல்ட் அறுந்தவுடன் வால்வுகள் வளைந்து எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வைக்கும் எஞ்சின்கள் நிறைய உண்டு. உங்கள் கார் வேறு வகை என்றால் இதை முதலில் தெரிந்துகொண்டு ஸ்பானரைக் கையில் எடுங்கள். கீழே நான் சொல்லும் குறிகளும் இறுக்க அளவுகளும் இந்த எஞ்சினுக்கு மட்டுமே.

வாங்க வேண்டியவை: டைமிங் பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெயரிங், அதன் ஸ்பிரிங், ஓ-ரிங்குடன் வாட்டர் பம்ப், பம்போடு சேரும் குழாய்க்கு கேஸ்கெட், கிராங்க் முன் சீல், கேம் சீல், மேல்மூடி (எஞ்சினுக்கு மேலே வால்வுகளை மூடியிருப்பது) கேஸ்கெட், ஆயில் அளவுகோல் குழாயின் ஓ-ரிங், கூலன்ட். சீல்களின் விலை சிறிது, ஆனால் பழைய சீல் கசிந்தால் அந்த ஆயில் புதுப் பெல்ட்டைத் தின்றுவிடும். கடையில் "110-க்கு" என்று மட்டும் சொல்லாமல் காரின் சாசி இலக்கத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பெல்ட் வெளியே வந்ததும் புதியதன் பக்கத்தில் வைத்து அகலத்தையும் பற்களையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்க்காமல் பூட்டாதீர்கள்.

ஆயுதங்களில், போல்ட்டை அளவான பலத்துக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரென்ச் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள். மற்றபடி 10, 12, 14, 17, 19 ஆம் இலக்கச் சொக்கட்டுகள், நீளமான கைப்பிடி, ஜக், உறுதியான இரண்டு ஸ்டாண்ட், ஒரு பலகைத் துண்டு, டோர்ச் லைட், வெள்ளை மை. கழற்றும் போல்ட்டுகளைப் போட நான் முட்டை அட்டை வைத்திருந்தேன். மூடிகளின் போல்ட்டுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் மாறும். ஒவ்வொரு குழிக்கும் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தால் பூட்டும்போது சிக்கல் இல்லை.

சனிக்கிழமை காலை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது தொடங்கினோம். உதவிக்கு அக்காவின் மகன் வந்திருந்தான். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பின் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வலது முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே கையை விடாதீர்கள். வலது முன் சில்லையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால் கிராங்க் புல்லி நேரே தெரியும்.

அடுத்தது ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்து கூலன்ட்டை வாளியில் பிடிப்பது. வாளியை உடனே மூடி வையுங்கள். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். எங்கள் முற்றத்துக்குத் தினமும் வரும் நாய் ஒன்று உண்டு, அதனால் வாளிக்கு மேல் ஒரு கல்லும் வைத்தேன்.

பம்ப் புல்லியின் நான்கு போல்ட்டுகளை, வெளிப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு புல்லி கையோடு சுற்றும், போல்ட் அசையாது. அப்புறம் வெளிப் பெல்ட்டுகளை எடுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளைச் சுத்தமான துணியால் மூடி, மேல்மூடியையும் கழற்றுங்கள். மேல்மூடி வராமல் டைமிங் மூடியின் மேல்பகுதி வராது.

கிராங்க் போல்ட் எல்லோரையும் பயப்படுத்தும் போல்ட். மெனுவல் கியர் என்றால் வழி எளிது. கழற்றிய சில்லின் இடத்தில் இரண்டு சில்லு நட்டுகளைப் போட்டு டிஸ்கை இறுக்குங்கள். ஐந்தாம் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். 19 ஆம் இலக்கச் சொக்கட்டில் நீளமான குழாயைச் செருகி, இடஞ்சுழியாக ஒரே சீரான அழுத்தம் கொடுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும். மருமகன் சத்தத்தைக் கேட்டு "உடைஞ்சிட்டுதோ மாமா?" என்று பயந்து கேட்டான். அது போல்ட் விடும் சத்தம்தான். ஆட்டோ கியருக்கு இந்த வழி சரிவராது. புல்லியின் முகத்தில் இரண்டு 8 மி.மீ. திருகுத் துளைகள் இருக்கும், அதில் ஒரு இரும்புப் பட்டையைப் பூட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டரை அடித்துப் போல்ட்டைத் தளர்த்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. வீட்டில் அதைச் செய்யாதீர்கள், சொக்கட்டில் மாட்டிய கைப்பிடி பறந்தால் கை போகும்.

போல்ட் தளர்ந்ததும் மறக்காமல் கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். போல்ட்டை இலேசாகத் திரும்ப இறுக்கி, அதைப் பிடித்தே எஞ்சினை வலஞ்சுழியாகக் கையால் சுற்றுங்கள். பிளக்குகள் இல்லாததால் சுலபமாகச் சுற்றும். புல்லியின் வெட்டு, கீழ் மூடியில் உள்ள பூச்சியக் குறிக்கு நேரே வர வேண்டும். இப்போது மேலே கேம் புல்லியைப் பாருங்கள். அதில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. டோர்ச்சைச் சரிவாகப் பிடித்து அந்தத் துளை வழியாகப் பார்த்தால், பின்னால் பெயரிங் மூடியில் உள்ள வெட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள், தெரியும். ஊசித் துளை வழியே நூலைப் பார்ப்பதுபோல, கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும். சரிவாகப் பார்த்தால் அரைப் பல் தள்ளித் தோன்றும். அது சரியாக வந்ததும் வெள்ளை மையால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, படமும் எடுத்துக்கொண்டேன்.

எஞ்சினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குக் கீழே பலகையை வைத்து ஜக்கால் பாரத்தைத் தாங்கி மட்டும் பிடியுங்கள், தூக்க வேண்டாம். வலது மவுன்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லியையும் மூன்று மூடிகளையும் எடுங்கள். கிராங்கில் பெல்ட்டுக்கு வெளியே ஒரு தட்டு வளையம் இருக்கும், அதன் கிண்ணம் போன்ற பக்கம் வெளியே பார்க்க வேண்டும். எங்கள் காரில் அது உள்ளே பார்த்தபடி இருந்தது. முன்பு யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பெல்ட்டின் ஒரு ஓரம் முழுக்க நூல் நூலாய்ப் பிய்ந்து, கீழ் மூடிக்குள் ஒரு தேக்கரண்டி அளவு கறுப்பு ரப்பர்த் தூள் குவிந்திருந்தது. பற்கள் பார்க்க நன்றாகவே இருந்தன. டைமிங் மூடியின் மேல்பகுதியை மட்டும் தூக்கிப் பார்த்து "பெல்ட் நல்லாயிருக்கு" என்று சொல்பவர்களிடம் நான் காரைக் கொடுக்காததற்கு அந்தத் தூள்தான் காரணம்.

டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை எதிர்த்து டென்ஷனரை முடிந்தவரை தள்ளி, தற்காலிகமாக இறுக்குங்கள். பெல்ட் தொய்ந்து கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு கேமையும் கிராங்கையும் தொடாதீர்கள்.

புதுப் பெல்ட்டைப் போட முதல் பம்பை முடித்துவிடுங்கள், புதுப் பெல்ட்டில் கூலன்ட் தெறிக்கக் கூடாது. ஆயில் அளவுகோல் குழாய் வழியில் நிற்கும், அதன் போல்ட்டைக் கழற்றிக் குழாயை உருவி எடுத்ததும் எஞ்சினில் உள்ள அந்தத் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் பம்பைக் கழற்றும்போது ஓடிவரும் கூலன்ட் ஆயிலுக்குள் போகும். பம்போடு சேர்ந்த குழாயின் இரண்டு நட்டுகள், பிறகு பம்பின் மூன்று போல்ட்டுகள், அவ்வளவுதான். ரேடியேட்டர் காலியாக இருந்தாலும் எஞ்சினுக்குள் மிஞ்சிய கூலன்ட் ஒரே பாய்ச்சலாக வரும், கீழே தட்டு இருக்கட்டும்.

பழைய பம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது எனக்குக் கேத்தில்தான் ஞாபகம் வந்தது. உள்ளே முழுக்க அதே வெள்ளைப் படை. தண்ணீரைத் தள்ளும் இதழ்களின் விளிம்புகள் தேய்ந்து மெலிந்திருந்தன. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல் மேல் இருக்கிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்து வருகிறது. அப்பா ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கிணற்றில் அள்ளி ஊற்றுவார். இங்கே எல்லோரும் செய்ததுதான். சூடாகும்போது கேத்திலில் படிவதுபோலவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது, பம்பின் சீலையும் அரிக்கிறது. தயவுசெய்து கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரை வாங்கி, கூலன்ட்டோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஏற்கனவே கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீரே வேண்டாம். வழியில் அவசரம் என்றால் போத்தல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடு வந்து, பிறகு எல்லாவற்றையும் வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

எஞ்சினில் பம்ப் உட்காரும் முகத்தையும் ஓ-ரிங் இருக்கும் பள்ளத்தையும் துரு போகத் துடைப்பதில் அரை மணி நேரம் செலவழித்தேன். அந்த அரை மணியைச் சுருக்க வேண்டாம், பம்ப் மாற்றியும் ஒழுகுகிறது என்று வருபவை பெரும்பாலும் இந்தத் துடைப்பில் விட்ட குறைதான். புது ஓ-ரிங்கை வைத்து, மூன்று போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். 14 என்பது மணிக்கட்டுப் பலம்தான், தோள் பலம் இல்லை.

கிராங்க் சீலுக்கு, பெல்ட் ஓடும் பல்சக்கரத்தை இரண்டு திருப்புளியால் இருபக்கமும் சமமாக நெம்பி எடுத்து, பழைய சீலை அச்சில் கீறாமல் குத்தி எடுங்கள். புதியதன் உதட்டில் கிரீஸ் தடவி, அளவான குழாய்த் துண்டு வைத்துத் தட்டி இறக்குங்கள். கேம் சீலுக்கு, கேம் அச்சிலேயே அறுகோணப் பகுதி ஒன்று இருக்கிறது, அதை ஸ்பானரால் பிடித்துக்கொண்டு புல்லி போல்ட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்ட 59 நியூட்டன் மீட்டர். பெல்ட்டைக் கொண்டே புல்லியைப் பிடிக்காதீர்கள். கிராங்க் அச்சில் கீறல் விழாமல் சீலை எடுக்க முடியவில்லை என்றால், அதை மட்டும் செய்ய அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடலாம்.

இனிப் பெல்ட். கேம் துளையும் வெட்டும் நேரே இருக்கிறதா, கிராங்க் பல்சக்கரத்தின் குறியும் ஆயில் பம்ப் உடம்பில் உள்ள குறியும் நேரே இருக்கிறதா என்று பாருங்கள். புது டென்ஷனரையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, தள்ளி வைத்து இறுக்குங்கள். பெல்ட்டை முதலில் கிராங்கில் போட்டு, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்கும்படி இழுத்தபடியே கேமில் ஏற்றுங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே இருக்க வேண்டும். பெல்ட்டை மடிக்காதீர்கள், முறுக்காதீர்கள், திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள். தட்டு வளையத்தைக் கிண்ணம் வெளியே பார்க்கப் போட்டு, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்துங்கள், ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ளும். கிராங்க் போல்ட்டைத் தற்காலிகமாகப் போட்டு, வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, திரும்பவும் குறிகளுக்கு வாருங்கள்.

இந்த இரண்டு சுற்றுத்தான் முழு வேலையின் உயிர். முதல் முறை நாங்கள் சுற்றி வந்தபோது கிராங்க் குறி நேரே நின்றது, கேம் துளைக்குப் பின்னால் வெட்டு அரைகுறையாகத்தான் தெரிந்தது. டோர்ச்சைப் பிடித்திருந்த மருமகன்தான் கண்டுபிடித்தான்: "மாமா, ஒரு பல்லு மாறியிட்டுது போல." நான் மூன்று முறை பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி. விறைப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டிருந்தேன், ஸ்பிரிங் இழுத்ததும் கேம் ஒரு பல் நகர்ந்துவிட்டது. டென்ஷனரைத் தள்ளி, பெல்ட்டை எடுத்து, கேமை அறுகோணத்தில் பிடித்து ஒரு பல் திருத்தித் திரும்பப் போட்டோம். அடுத்த இரண்டு சுற்றில் எல்லாம் நேராக வந்தது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் இழுவையும் இல்லாமல், ஐட்லிங்கில் நடுங்கிக்கொண்டு ஓடியிருக்கும், காரணத்தை வேறெங்கோ தேடியிருப்போம். சுற்றும்போது எங்காவது தடை பட்டால் பலம் போடாமல் நிறுத்தி, ஏன் என்று பாருங்கள்.

குறிகள் சரியென்றால் டென்ஷனர் போல்ட்டுக்கு 37 நியூட்டன் மீட்டர். விறைப்பான பக்கத்தின் நடுவில் 2 கிலோ அளவு அழுத்தினால் பெல்ட் 5, 6 மி.மீ. உள்ளே போக வேண்டும்.

மூடிகள், மவுன்ட், புல்லி என்று கழற்றிய வரிசையின் தலைகீழாகப் பூட்டுங்கள். கிராங்க் போல்ட்டுக்கு 118 நியூட்டன் மீட்டர், திரும்பவும் ஐந்தாம் கியர், திரும்பவும் பிரேக். அளவுகோல் குழாய்த் துளையில் அடைத்த துணியையும் பிளக் துளைத் துணிகளையும் எண்ணி எடுங்கள். நான் எத்தனை துணி வைத்தேன் என்று முட்டை அட்டை மூடியில் எழுதி வைத்திருந்தேன். மேல்மூடி நட்டுகளை மென்மையாக, மாறி மாறி இறுக்குங்கள்.

கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே விட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். யாழ்ப்பாண வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள், அந்தக் குழாய்களுக்குள்ளும் காற்று இருக்கிறது, அது வெளியே வர வேண்டும். மேல் குழாயை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழிகள் சீக்கிரம் வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, ரேடியேட்டர் விசிறி ஒரு தரம் ஓடி நின்றதும் மூடியைப் போடுங்கள். அதன் பிறகு சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது.

ஞாயிறு மத்தியானம் எங்கள் கார் ஸ்டார்ட் ஆனது. நான் பார்த்தது பம்பின் கசிவுத் துளையைத்தான். ஒரு மட்டைத் துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம், வந்து பார்த்தபோது காய்ந்தே இருந்தது. மறுநாள் காலை எஞ்சின் ஆறியபிறகு மட்டத்தைப் பார்த்ததில் கால் லீற்றர் குறைந்திருந்தது, உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறியிருக்கிறது. புது வெளிப் பெல்ட் போட்டிருந்தால் சில நாள் ஓடியதும் கொஞ்சம் தளரும், திரும்ப இறுக்க வேண்டும்.

ஜப்பான்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் திகதி, கிலோமீட்டர், பெல்ட், பம்ப், சீல்கள் என்று மருமகனின் கையெழுத்தில் ஒரு தாளை எழுதி ஒட்டியிருக்கிறோம்.